ஒரே புரதம், பல வேலை: ஜியார்டியா மறுபடி மறுபடி வருவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை ஒரு தடவைகூட விட்டதில்லை. ஆனாலும் போன வருடக் கடைசியில் வயிறு உப்புசம், அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம், எண்ணெய்ப் பசையோடு மலம் என்று வாரக்கணக்கில் அவதிப்பட்டான். மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்று வந்தது. டாக்டர் கொடுத்த மருந்தில் நன்றாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி அதே தொந்தரவு, அதே ரிப்போர்ட். பயோடெக்னாலஜி படிக்கும் என் அக்கா மகள், “இந்தக் கிருமியோட புரதம் ஒவ்வொண்ணும் பல வேலை பார்க்கும் சித்தி, அதனாலதான் உடம்புல அப்படித் தாக்குப்பிடிக்குது” என்கிறாள். அது உண்மையா? அப்படியானால் மருந்து கொடுத்து என்ன பயன்? பூச்சி மாத்திரை ஏன் கேட்கவில்லை?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அக்கா மகள் சொன்னது பெரும்பாலும் சரிதான்; ஒவ்வொரு புரதமும் இல்லை, சில புரதங்கள் அப்படி. பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். ஆனால் அதைக் கேட்டுவிட்டு “மருந்தால் பயனில்லை” என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், அது மட்டும் சரியில்லை. உங்கள் பையனுக்கு இரண்டாவது தடவை வந்ததற்கும் அந்தப் புரதங்களுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. முதலில் கிருமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஜியார்டியா புழு கிடையாது, பாக்டீரியாவும் கிடையாது. ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. 1681இலேயே ஹாலந்தில் லேவன்ஹூக் தன்னுடைய மலத்தைத் தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்ணில் பட்டது இதுதான் என்று கருதப்படுகிறது. வயிற்றுப்போக்கோடு வந்தவரின் மலத்தைச் சூடு ஆறுவதற்குள் ஒரு சொட்டு உப்புக் கரைசலில் கலந்து பார்த்தால் இன்றைக்கும் அதே காட்சிதான். பேரிக்காய் வடிவ உடம்பு. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. உள்ளே இரண்டு உட்கருக்கள், நம்மை முறைத்துப் பார்க்கும் இரண்டு கண்கள் மாதிரி. நான்கு ஜோடிச் சவுக்கிழைகளை அடித்துக்கொண்டு தத்தித் தத்தி நகரும். வயிற்றுப் பக்கம் ஓர் ஒட்டுத் தட்டு இருக்கும். அதை வைத்துச் சிறுகுடலின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். குடல் சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. மேலேயே உட்கார்ந்து, நீங்கள் ஊட்டியதில் பங்கு எடுத்துக்கொள்ளும்.

இதன் மரபணுத் தொகுதி மிகச் சிறியது. மொத்தம் சுமார் 1.2 கோடி எழுத்துகள்தான். நமக்கு 300 கோடி. நம் செல்களில் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறதே, அது இதில் தேய்ந்து சின்ன எச்சமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமல் பாதி வழி உடைக்கிறது, அமினோ அமிலத்தைத் தின்கிறது, அவ்வளவுதான் பிழைப்பு. இவ்வளவு குறைந்த சாமானோடு வயிற்று அமிலத்தைத் தாண்டி, குடலில் ஒட்டி, நம் எதிர்ப்பு சக்தியிடம் தப்பி, கடைசியில் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேற வேண்டும். எப்படி முடிகிறது? சின்ன டீக்கடையில் மாஸ்டரே கல்லாவிலும் உட்காருவார், பாத்திரமும் கழுவுவார் இல்லையா, அதே ஏற்பாடுதான் இங்கேயும்.

அந்த மாஸ்டர்களில் ஒருவரை மட்டும் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். பெயர் ஆர்ஜினின் டீஇமினேஸ். அது ஒரு நொதி, அதாவது வேதிவினையை நடத்தித் தரும் புரதம். ஆர்ஜினின் என்பது நிலக்கடலை, பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றிலும் உள்ள ஒரு அமினோ அமிலம். ஜியார்டியா அதைக் குடலிலிருந்து உள்ளே இழுக்கிறது. முதல் படியில் இந்த நொதி அதைச் சிட்ருலினாக மாற்றும். இரண்டாவது நொதி அதை ஆர்னிதினாகவும் கார்பமாயில் பாஸ்பேட்டாகவும் பிரிக்கும். கார்பமேட் கைனேஸ் என்ற மூன்றாவது நொதி அந்தப் பாஸ்பேட்டிலிருந்து ஏடிபி எடுக்கும். ஏடிபி என்றால் செல்லின் கைச்செலவுக் காசு. மிஞ்சிய ஆர்னிதினை வெளியே தள்ளிவிட்டு அதே வாசல் வழியாக அடுத்த ஆர்ஜினினை உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆக, முதல் வேலை சமையல்.

இரண்டாவது வேலை இன்னும் சுவாரசியமானது. நம் குடல் செல்களும் அதே ஆர்ஜினினை நம்பித்தான் இருக்கின்றன. அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தயாரிக்கும். அந்த வாயு ஜியார்டியாவைக் கொல்லாது. ஆனால் வளரவிடாது, கூடு கட்டவும் விடாது. இந்த ஆர்ஜினின் போட்டியை 2000இல் ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது: ஜியார்டியா பக்கத்தில் இருந்தால் குடல் செல்லுக்கு ஆர்ஜினின் தட்டுப்பாடு, அதனால் நைட்ரிக் ஆக்சைடும் குறைவு. அதற்கு மேல், குடல் செல்லைத் தொட்டதும் ஜியார்டியா இந்த நொதியையே வெளியே விடுகிறது என்று 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நொதி செல்லுக்கு உள்ளே இருக்கும்போது பசியை ஆற்றுகிறது, வெளியே வந்தால் எதிரியின் மருந்துச் சரக்கைக் காலி செய்கிறது. வேதிவினை இரண்டு இடத்திலும் ஒன்றே. இடம் மாறியதும் பலன் மாறிவிட்டது. ஆர்ஜினின் குறைந்தால் குடல் செல்கள் பெருகுவதும் தளர்ந்துபோகும். தேய்ந்த குடல் சுவரைப் புதுப்பிக்க முடியாமல் உடம்பு திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வேலைக்கு ஜியார்டியாவின் சட்டையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அதன் உடம்பு முழுக்க ஒரே வகைப் புரதம் போர்த்தியிருக்கும். அப்படிப்பட்ட சட்டைகளுக்கு சுமார் 200 மரபணுக்கள் வைத்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போட்டுக்கொள்ளும். நம் உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரித்து முடிப்பதற்குள் சில ஜியார்டியாக்கள் வேறு சட்டைக்கு மாறியிருக்கும். அர்ஜென்டினாவின் கோர்தோபா நகர ஆய்வாளர்கள் 2008இல் காட்டியது இது: இந்தச் சட்டைப் புரதத்தின் வால் பகுதியில் இருக்கும் ஓர் ஆர்ஜினினையும் அதே டீஇமினேஸ் மாற்றியமைக்கிறது, சட்டை மாற்றுவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. கூடு கட்டும் சமயத்தில் இதே நொதி உட்கருவுக்குள்ளும் போகிறதாம். சமையல், சண்டை, வேஷம் மாற்றுவது என்று ஒரே ஆளுக்கு இத்தனை வேலை.

உங்கள் அக்கா மகள் எனோலேஸ் என்ற பெயரையும் படித்திருப்பாள். குளுக்கோஸை உடைக்கும் வரிசையில் வருகிற சாதாரண நொதி அது. குடல் செல்லைத் தொட்டால் ஜியார்டியா இதையும் வெளியே விடுகிறது. வெளியே அது நம் ரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைப் பிடித்து, திசுவைக் கரைக்கும் வேலைக்குத் தூண்டிவிடும். சீதபேதி உண்டாக்கும் அமீபாவிடமும் இந்த வித்தை உண்டு. அதன் எனோலேஸ், டிஎன்ஏ மீது வேதிக்குறி போடும் ஒரு நொதியோடு ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கிறது. ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற அதன் இன்னொரு நொதி, சக்தி தயாரிக்கும் கடைசிப் படிகளைக் கவனிப்பதோடு, நம் திசுக்களில் உள்ள லாமினின், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களையும் பற்றிக்கொள்ளும். பட்டியல் நீளும், உங்களுக்கு அது தேவையில்லை.

இதெல்லாம் ஒட்டுண்ணிக்கு மட்டும் கிடைத்த மாயவித்தை என்று நினைத்துவிடாதீர்கள். நம் உடம்பில் சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும்வரை சக்தி தயாரிக்க உதவும். அது வெளியே கசிந்தால் அந்தச் செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். வாத்தின் கண் லென்ஸ் தெளிவாக இருக்கக் காரணமான புரதங்களில் ஒன்று லாக்டேட் டீஹைட்ரஜனேஸ்; மற்ற செல்களில் அது வெறும் நொதி. பரிணாமம் எப்போதுமே வீட்டில் கிடப்பதை வைத்துத்தான் சமாளித்து வந்திருக்கிறது. ஒட்டுண்ணியிடம் கிடப்பது கொஞ்சம், அதனால் பளிச்சென்று தெரிகிறது. “அதிபுத்திசாலிக் கிருமி” என்று தலைப்புப் போடும் வீடியோக்கள் எனக்குப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம். பார்க்கிற அம்மாக்கள் பயந்துபோய் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

இனி, மருந்து கொடுத்து என்ன பயன் என்ற கேள்வி. ஒரே ஆள் மூன்று வேலை பார்க்கும் இடத்தில், அந்த ஆளைப் பிடித்துவிட்டால் மூன்றும் நின்றுவிடும். ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தப் புரதங்கள் மேல் அக்கறை வரக் காரணமே அதுதான். குடியை நிறுத்தத் தரும் டைசல்பிரம் மாத்திரை கேள்விப்பட்டிருப்பீர்கள். மேலே சொன்ன மூன்றாவது நொதியான கார்பமேட் கைனேஸை அது செயலிழக்க வைக்கிறது, ஜியார்டியா தொற்றிய எலிகளைக் குணப்படுத்துகிறது என்று 2014இல் காட்டினார்கள். எலியில்தான்; உங்கள் பையனுக்கு யாரும் அதைக் கொடுக்கப் போவதில்லை.

இப்போது கையில் இருக்கும் மருந்துகளே ஜியார்டியாவின் சொந்த நொதிகளை நம்பித்தான் வேலை செய்கின்றன. மெட்ரோனிடசோல், டினிடசோல் இரண்டும் விழுங்கும்போது தூங்குகிற மருந்துகள். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பிழைப்பதற்காக ஜியார்டியா வைத்திருக்கும் சில நொதிகள் அந்த மருந்தின் மேல் எலக்ட்ரானை ஏற்றிவிடும். உடனே அது நஞ்சாக மாறி ஒட்டுண்ணியின் டிஎன்ஏவையும் புரதங்களையும் சிதைக்கும். நம் செல்களில் அந்த அளவுக்கு அப்படி நடப்பதில்லை. பல வேலை பார்க்கும் பழக்கம் தனக்கே வினையாக முடிகிறது. தப்பிக்க வேண்டுமானால் அந்த நொதிகளை அது குறைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் அப்படி மருந்துக்கு அடங்காத ஜியார்டியாக்களை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் அவற்றுக்கு ஒட்டும் திறன் குறைந்துபோனது என்று 2011இல் ஓர் ஆய்வு சொல்லியது. குடலில் ஒட்ட முடியாத ஜியார்டியா எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மருந்துக்கு அடங்காத தொற்று நிஜத்திலும் இருக்கிறது, மறுக்கவில்லை. அப்படி வந்தால் வேறு மருந்துக்கு மாறுவோம், சில சமயம் இரண்டைச் சேர்த்துக் கொடுப்போம். வழி இருக்கிறது.

பூச்சி மாத்திரை விஷயம் இதைவிட எளிது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தருவது அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே வேளை. உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்ற புழுக்களுக்காகத் திட்டமிட்ட அளவு அது. ஜியார்டியாவுக்கும் அல்பெண்டசோல் கேட்கும்தான், ஆனால் ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு வேளை போதாது. ஆகவே மாத்திரை தோற்கவில்லை. அதற்கு இந்த வேலையைக் கொடுக்கவே இல்லை. புழுவுக்காக அதைத் தொடர்ந்து கொடுங்கள்.

சரி, ஏன் மறுபடி வந்தது? நீங்கள் எழுதிய ஒரு விவரம் எனக்குப் போதும்: மருந்து முடிந்து நன்றாக இருந்தான், மூன்று மாதம் கழித்து வந்தது. மருந்து கேட்காமல் போயிருந்தால் பெரும்பாலும் சில நாளிலோ ஒன்றிரண்டு வாரத்திலோ தொந்தரவு திரும்பியிருக்கும். இத்தனை இடைவெளி என்றால் புதிதாக மறுபடி தொற்றியிருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். வாய் வழியாகப் போயிருக்கிறது. எங்கிருந்து என்பதைத்தான் தேட வேண்டும். 10 முதல் 25 சிஸ்ட் உள்ளே போனாலே தொற்ற முடியும். ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் ‘சிஸ்ட்’ என்பது அது கட்டிக்கொண்டு வெளியேறும் கூடு. குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண அளவு குளோரினை எளிதில் தாங்கும். அதனால் “தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டோம்” என்று பள்ளியில் சொன்னால், பாக்டீரியாவுக்கு நல்லது, இதற்கு அதை மட்டும் நம்ப முடியாது.

ஆனால் சூட்டை அது தாங்காது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் இருந்தால் போதும். நல்ல நிலையில் உள்ள ஆர்ஓ சவ்வும் தடுக்கும், ஏனென்றால் சிஸ்ட் அவ்வளவு சிறியது அல்ல. ஆனால் நான் வீடுகளில் கேட்கும்போது தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும், எடுக்கும் விதத்தில்தான் தப்பு. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, அதில் விரல் முங்க டம்ளரை விட்டு மொள்வார்கள். கேன் தண்ணீரும் அப்படித்தான். அடுத்த பாத்திரத்துக்கு மாறும்வரைதான் அது கேன் தண்ணீர். குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள். பையன் பள்ளிக்குப் பாட்டில் கொண்டுபோகிறானா, இல்லை அங்கே தொட்டிக் குழாயில் வாய் வைக்கிறானா என்று கேளுங்கள். அவனிடமே கேளுங்கள், ஆசிரியரிடம் கேட்டால் நல்ல பதில்தான் வரும். ஆற்றிலோ குளத்திலோ நீச்சல் என்றால் தண்ணீரை விழுங்கக் கூடாது. ஒன்பது வயதுப் பையன் எவ்வளவு கேட்பான் என்று தெரியாது, சொல்லி வையுங்கள்.

அடுத்து வீட்டு ஆட்கள். கைக்குழந்தையோ, தவழும் குழந்தையோ இருக்கிறதா? ஜியார்டியா இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாமல் சிஸ்டை வெளியேற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நம் வேலூர் உட்பட எட்டு நாடுகளின் ஊர்களில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த ‘மால்-எட்’ ஆய்வில், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் ஒரு தடவையாவது இது வந்திருந்தது. பலருக்கு வயிற்றுப்போக்கே இல்லை. ஆனால் சிறு வயதிலேயே விடாமல் தங்கியிருந்த குழந்தைகள் உயரத்தில் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஆகவே இந்தத் தடவை வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரு நாள் மாதிரியில் இல்லை என்று வந்தால் நம்ப வேண்டாம். சிஸ்ட் தினமும் ஒரே அளவில் வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மாதிரி கொடுங்கள், அல்லது மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் டெஸ்ட் வசதி இருந்தால் கேளுங்கள். பெரியவர்களுக்கும் மெட்ரோனிடசோலோ டினிடசோலோ எழுதினால், அந்த நாட்களிலும் முடிந்து மூன்று நாள் வரையும் மதுவைத் தொடக் கூடாது என்று வீட்டு ஆண்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

கை கழுவுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். மலம் கழித்த பிறகும், குழந்தைக்குக் கழுவிவிட்ட பிறகும், சாப்பிடுமுன்னும் சோப்புப் போட்டு. சானிடைசரை இதற்கு நம்ப வேண்டாம். விரல் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே ஆர்ஜினினைப் பற்றி இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு யாராவது “ஆர்ஜினின் பவுடர் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி கூடும்” என்று சொன்னால் வாங்காதீர்கள். பையனுக்கும் அதுதான் சாப்பாடு, ஜியார்டியாவுக்கும் அதுதான் சாப்பாடு. யாருக்கு முதலில் போய்ச் சேரும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. வழக்கமான பருப்பு, முட்டை, கடலை போதும்.

மருந்து முடித்த பிறகும் பால் குடித்தவுடன் வயிறு கடமுடா என்றால் உடனே “திரும்ப வந்துவிட்டது” என்று கடைக்காரரிடம் மாத்திரை வாங்காதீர்கள். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி சிறுகுடல் சுவரின் நுனியில்தான் இருக்கிறது. ஜியார்டியா உட்கார்ந்திருந்த இடமும் அதுவே. சுவர் தேறிவரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பாலை நிறுத்திவிட்டுத் தயிர், மோர் கொடுங்கள். அதில் வயிறு சரியானால் பெரும்பாலும் கிருமி திரும்பி வரவில்லை, குடல் தேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால், வாயெல்லாம் இரும்பு ருசி என்று அவன் முகம் சுளித்தாலும் முழு நாட்களும் கொடுத்து முடியுங்கள்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், விடாத வாந்தி, எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். ஜியார்டியா பொதுவாக ரத்தம் வரவழைக்காது, வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். சளி, காது சீழ் என்று அடிக்கடி வேறு தொற்றுகளும் வருகிற பையன் என்றால், குடலைக் காவல் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் குறைவாக இருக்கிறதா என்று ரத்தத்தில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும், முன்பு கொடுத்த மருந்துச் சீட்டையும், பள்ளியில் எடுத்த உயரம், எடைக் கணக்கு இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். முதல் தடவை எந்த மருந்து, எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் அதையே திரும்பக் கொடுப்பதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்ய முடியும்.